மேலைக் காற்றில் ஒரு வெண்புரவி

சண்டைக் கதை என்றாலே பேராசிரியர்கள் முகம் சுளிப்பர். மாணவர்களோ பாடநூலுக்குள் மறைத்து வைத்தேனும் அதனைப் படித்து முடிப்பர். இவ்விரு சாராரும் ஒருங்கிருந்து படிக்கத்தக்க சீன வீரக்கதை ஒன்று உண்டு. ஜின் யோங் என்னும் புனைபெயர் பூண்ட ஆசிரியர் 1961ஆம் ஆண்டில், தாம் ஆங்காங்கில் நடத்தி வந்த 'மிங் பாவ்' நாளிதழில் தொடராக எழுதிய குறுநாவல் அது. 'மேலைக் காற்றில் கனைக்கும் வெண்புரவி' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம்.

தலைப்பிலேயே ஒரு நுட்பம் உள்ளது. மேற்கிலிருந்து வீசும் காற்றை நாம் கோடை என்போம். வெம்மையே நம் நினைவுக்கு வரும். சீனருக்கோ மேல்காற்று இலையுதிர் காலத்துக்கு உரியது. முதுமை, பிரிவு, தனிமை ஆகிய யாவும் அக்காற்றோடு வருவன. சண்டைக் கதைக்கு இப்படியொரு பெயரைச் சூட்டிய ஆசிரியர் எதையோ கருதியே சூட்டியிருக்கிறார் என்று முதலிலேயே ஐயுறலாம். அந்த ஐயம் வீண்போகவில்லை.

வீரக்கதை மரபு

இவ்வகைக் கதைகளைச் சீனர் 'ஊஷியா' என்பர். 'ஊ' என்பது போர்த்திறன்; 'ஷியா' என்பது அரசாணைக்கும் அஞ்சாது எளியோர்க்கு உதவும் பண்பு. கி.மு. முதல் நூற்றாண்டில் சீமா சியான் எழுதிய வரலாற்று நூலிலேயே அத்தகைய மறவர்க்குத் தனி இயல் உண்டு. ஆயினும் இன்று நாம் காணும் புதுவகை வீரக்கதை பிறந்த கதை சுவையானது. 1954ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மக்காவ் நகரில் இரு போர்க்கலை ஆசான்கள் மேடையேறி மோதினர். போட்டி சில நிமிடங்களே நடந்தது. ஆங்காங் முழுவதும் அதே பேச்சாக இருக்கக் கண்ட செய்தித்தாள் ஒன்று, மூன்றாம் நாளே லியாங் யூஷெங் என்பவரைக் கொண்டு வீரக்கதைத் தொடர் ஒன்றைத் தொடங்கிவிட்டது. மறு ஆண்டு அதே தாளில் எழுதத் தொடங்கியவர் ஜின் யோங். 1924இல் சீனத்தின் செச்சியாங் மாநிலத்தில் பிறந்து 2018இல் ஆங்காங்கில் மறைந்த அவருடைய இயற்பெயர் ஜா லியாங்யோங். 1972இல் எழுதுகோலைக் கீழே வைக்கும் வரை அவர் எழுதிய வீரக்கதைகள் பதினைந்து. அவற்றுள் அளவிற் சிறியவற்றுள் ஒன்றே நாம் எடுத்துக்கொண்டது.

இக்கதைகளின் உயிர்நாடி பயிற்சி. கை கால்களின் பயிற்சி வெளிப்பயிற்சி. அதனினும் உயர்ந்தது உள்வலிமைப் பயிற்சி. 'சி' என்னும் உயிர்மூச்சை அடிவயிற்றில் தேக்கி, நாடிகளின் வழியே உடலெங்கும் செலுத்தப் பழகியவன் மெலிந்த கிழவனாயினும் பத்து மல்லரை வீழ்த்துவான். உடலின் சில புள்ளிகளை விரலால் தொட்டே ஒருவனைச் செயலற்றவனாக்குவதும் உண்டு. குமரி வட்டாரத்து வர்ம ஆசான்களைப் பற்றிக் கேள்விப்பட்டோர்க்கு இது பெரிய வியப்பன்று. மருத்துவ நம்பிக்கையையும் மூச்சுப் பயிற்சியையும் கற்பனையால் நூறு மடங்கு பெருக்கினால் வருவது இது.

இதற்கென ஒரு கதைப்போக்கும் வகுக்கப்பட்டுவிட்டது. தாய் தந்தையர் கொல்லப்படுவர். பிள்ளை அனாதையாகித் தொலைநிலத்தில் வளரும். மறைந்து வாழும் ஆசான் ஒருவர் கிடைப்பார். ஆண்டுக்கணக்கில் பயிற்சி; பின் பழிவாங்கல்; புதையலோ புகழோ மணமோ முடிவில் கைகூடும். உழைத்தவனுக்குக் கூலி உண்டு என்பதே இப்போக்கின் உட்பொருள். படிப்பவர் இதனை விரும்புவதிலும் வியப்பில்லை. தேர்வுக்குப் படிக்கும் நாம் எல்லோரும் அதே நம்பிக்கையில்தானே விளக்கெண்ணெயை எரிக்கிறோம்!

இக்குறுநாவலிலும் அனாதை உண்டு, ஆசான் உண்டு, புதையல் வரைபடம் உண்டு. கூலி மட்டும் இல்லை.

கதை

கோபிப் பாலையில் குதிரைகள் விரைகின்றன. கௌசாங் என்னும் பழைய நாட்டின் புதையல் மறைந்திருப்பதாகச் சொல்லப்படும் மாயச்சுழல் மாளிகை ஒன்றுக்கு வழிகாட்டும் வரைபடம் லி சான் என்பவனிடம் இருக்கிறது என்று கொள்ளைக் கூட்டமொன்று அவனையும் அவன் மனைவியையும் துரத்துகிறது. லி சான் மடிகிறான். துரத்தி வந்த தலைவருள் ஒருவன் முன்பு அவன் மனைவியோடு ஒரே ஆசானிடம் பயின்றவன், அவளை விரும்பியவன். அவள் தன் மகளை வெண்குதிரை மீது ஏற்றி அனுப்பிவிட்டு, அவனை ஏற்பவள் போல நெருங்கவிட்டு, மறைத்து வைத்திருந்த கட்டாரிகளால் அவனையும் கொன்று தானும் இறக்கிறாள். ஏழெட்டு வயதுச் சிறுமியாகிய லி வென்ஷியு, குதிரை போன போக்கில் கசாக்கு மக்களின் மேய்ச்சல் நிலத்தை அடைகிறாள். அங்கே ஒதுங்கி வாழும் ஜி என்னும் சீனக் கிழவர் அவளை வளர்க்கிறார்.

அவளைத் தேடி வந்த கொள்ளையர் கசாக்குகளையும் விட்டுவைக்கவில்லை. சுலுக் என்னும் வீரன் தன் மனைவியையும் மூத்த மகனையும் அவர்களிடம் பறிகொடுக்கிறான். அன்று முதல் சீனர் எவரும் அவனுக்குப் பகைவரே. அவனுடைய இளைய மகன் சூபுவோ ஆடு மேய்க்குமிடத்தில் இச்சிறுமியின் தோழன். ஒருநாள் ஓநாய் ஒன்று அவர்கள் மேல் பாய்கிறது. சிறுவன் தன் கத்தியால் அதனைக் கொன்று, தோலை அவளுக்குத் தருகிறான். முதல் வேட்டையின் தோலை மனங்கவர்ந்த பெண்ணுக்குத் தருவது அம்மக்களின் வழக்கம். செய்தியறிந்த தந்தை மகனைச் சாட்டையால் விளாசுகிறான். வெளியே நின்று அதைக் கேட்ட சிறுமி என்ன செய்கிறாள்? அத்தோலை எடுத்துச் சென்று, அக்குடியிலேயே அழகியான அமான் என்னும் சிறுமியின் கூடாரத்து வாயிலில் வைத்துவிடுகிறாள். அதன்பின் சூபு எத்தனை முறை வந்து அழைத்தும் அவள் வெளிவரவில்லை. ஆண்டுகள் கழிகின்றன. சூபு, தோல் சேர்ந்த இடத்திலேயே தன் நெஞ்சையும் சேர்த்துவிடுகிறான்.

கதையின் மிகச் சிறந்த இடம் இதுவே என்பது என் கருத்து. வாள்வீச்சு ஒன்றும் இல்லாத இடம் இது. ஒரு சிறுமி தன் வாழ்வையே ஒரு தோலில் சுற்றி அடுத்தவள் வாயிலில் வைத்துவிட்டுப் போகிறாள். அவள் செய்தது இன்னதென்று அவளுக்கே அப்போது தெரியாது.

வளர்ந்த பின் அவள் பாலையில் கொள்ளையரிடம் அகப்பட்டுத் தப்பி, ஹுவா ஹூய் என்னும் ஆசானைச் சந்திக்கிறாள். அவன் முதுகில் மூன்று நச்சு ஊசிகள் பாய்ந்திருக்கின்றன. அவற்றை அவள் எடுத்துவிட, நன்றியாகத் தன் கலையை அவளுக்குக் கற்பிக்கிறான். கற்ற கலையை அவள் எதற்குப் பயன்படுத்தினாள் என்று பாருங்கள். பனிப்புயல் வீசும் இரவொன்றில் கொள்ளையர் தலைவன் ஒருவனிடம் சூபுவும் அமானும் சிக்கிக்கொள்கின்றனர். சூபுவின் உயிருக்கு ஈடாக அமான் அடிமையாக வேண்டிய நிலை. ஆணுடையில் இருந்த லி வென்ஷியு அவனோடு பொருது வென்று அமானை மீட்டு, சூபுவிடமே ஒப்படைக்கிறாள். பயிற்சியின் பயன் இவ்வளவுதான்: தான் இழந்ததை இன்னொருத்திக்கு இரண்டாம் முறையும் கொடுப்பது.

இறுதியில் எல்லோரும் மாயச்சுழல் மாளிகைக்குள் புகுகின்றனர். அங்கே முடிச்சுகள் அவிழ்கின்றன. ஆசான் ஹுவா ஹூய் சீனனே அல்லன். வாஅர்லாச்சி என்னும் கசாக்கு. அமானின் தாயை ஒருகாலத்தில் விரும்பியவன். அவள் வேறொருவனை மணந்தாள். இவன் குடியினின்று துரத்தப்பட்டு, சீனத்தின் நடுநிலம் சென்று கலை பயின்று, திரும்பி வந்து அவளை நஞ்சிட்டுக் கொன்றவன். குடியினர் அனைவரையும் கொல்ல அவர்தம் கிணற்றில் நஞ்சிடுமாறு தன் மாணவனை ஏவினான். மாணவன் மறுத்து, ஆசானின் முதுகில் ஊசிகளை எய்துவிட்டு ஓடி, கிழவனாக வேடமிட்டு ஒளிந்து வாழ்ந்தான். அவனே ஜி கிழவர்! உண்மையில் முப்பதைக் கடந்தவன், அவ்வளவே. ஆசான் உயிரோடிருந்தால் தன் கதி என்னாகும் என்று அறிந்திருந்தும், லி வென்ஷியு போகிறாள் என்பதற்காகவே தானும் மாளிகைக்குள் வந்து ஆசான் கையால் மாள்கிறான்.

குறைகளையும் சொல்லிவிடுவோம். பத்தாண்டுக்கு மேல் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவள் வேடத்தை அறியவில்லை என்பது நம்ப அரியது. தற்செயல்கள் மலிந்துள்ளன. நாள்தோறும் வாசகனை மறுநாளுக்கு இழுக்க வேண்டிய தொடர்கதையின் தழும்புகள் இவை. கசாக்கு மக்களின் வாழ்வும் ஆடு, கூடாரம், மற்போர், பாட்டு என்ற அளவோடு நின்றுவிடுகிறது.

கைக்கிளைப் பாலை

தொல்காப்பியர் அகத்திணை ஏழினைக் கூறுமிடத்துக் கைக்கிளையை முதலிலும் பெருந்திணையை இறுதியிலும் வைத்தார். இவ்விரண்டுக்கும் நிலம் வகுக்கவில்லை. பாலைக்கும் அவர் தனி நிலம் தரவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் திரிந்து பாலையாகும் என்பது பின்னர்ச் சிலப்பதிகாரம் தரும் விளக்கம். நம் பாலை, பருவம் மாறினால் மீண்டும் தளிர்க்கக்கூடிய நிலம். பிரிந்தவர் கூடுவர் என்ற நம்பிக்கைக்கும் அதில் இடமுண்டு. கோபியும் தக்கிளமாக்கானும் அத்தகையன அல்ல. அவை தளிர்ப்பதில்லை.

நிலமற்ற கைக்கிளைக்கு அந்நிலத்தைக் கொடுத்திருக்கிறார் ஜின் யோங். கதையை எண்ணிப் பார்த்தால் முதன்மை மாந்தர் நால்வரும் ஒருதலைக் காமத்தினர். தொடக்கத்தில் மாளும் கொள்ளையர் தலைவன் ஒருவன், வாஅர்லாச்சி ஒருவன், கிழவேடம் பூண்ட மாணவன் ஒருவன், லி வென்ஷியு ஒருத்தி. முதல்வன் விரும்பியவளின் கணவனை வேட்டையாடினான். இரண்டாமவன் விரும்பியவளையே கொன்றான். மூன்றாமவன் சொல்லாமலே காவல் இருந்தான். நான்காமவள் விட்டுக்கொடுத்தாள். நால்வரும் போர்க்கலை வல்லவரே என்பதை நோக்குக. வாஅர்லாச்சி ஆயிரக்கணக்கான கல் தொலைவு சென்று பயின்ற கலையெல்லாம் ஒரு பெண்ணின் மனத்தை ஓர் இம்மியளவும் நகர்த்தவில்லை. ஆழ்ந்து விரும்புகிற ஒருவர் வேறொருவரை ஆழ்ந்து விரும்பினால் என்ன செய்வது என்னும் வினா லி வென்ஷியுவை வாட்டுகிறது. மறைநூலில் தேர்ந்த முதியவர்க்கும் விடை சொல்ல இயலாத வினாவாகவே கதை அதனை விட்டுவைக்கிறது.

1965இல் அமெரிக்கரான பிராங்க் எர்பர்ட் எழுதிய 'டூன்' என்னும் பாலைவனக் கற்பனை நாவலை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கும் வெளியிலிருந்து வந்த இளைஞன், உடலும் மனமும் ஒருங்கே பழக்கிய பயிற்சியோடு பாலைமக்களிடையே அடைக்கலம் புகுகிறான். அவனை அவர்கள் தலைவனாக்குகின்றனர்; பேரரசே அவன் காலடியில் விழுகிறது. அதனால் விளையும் கேட்டை எர்பர்ட் அறியாதவர் அல்லர். ஆயினும் வலிமை அங்கே செல்லுபடியாகிறது. லி வென்ஷியுவை யாரும் தலைவியாக்கவில்லை. அவள் வந்தாள், இருந்தாள், போனாள்.

மாளிகையில் இருந்தது என்ன?

புதையலுக்காக இத்தனை உயிர்கள் போயினவே, உள்ளே பொன் இருந்ததா? இல்லை. நூல்கள், சீன உடைகள், இசைக்கருவிகள், ஆட்டப்பலகைகள், மேசை, கட்டில், பாத்திரங்கள், கன்பூசியசின் உருவம்! நடுநிலச் சீனத்தில் எந்த வீட்டிலும் காணக்கூடிய பொருள்கள். கசாக்குகள் ஏமாந்து நிற்கின்றனர். ஆசிரியர் தரும் விளக்கம் இது: தாங் பேரரசர் கௌசாங்கை வென்றபின், இவையெல்லாம் சிறந்தவை, இவற்றைப் பின்பற்றுக என்று ஆணையிட்டு அனுப்பினார். கௌசாங் மக்களுக்கு அவை பிடிக்கவில்லை. படை திரும்பியதும் அனைத்தையும் அள்ளி மாளிகைக்குள் போட்டுவிட்டனர்.

காதற்கதையும் புதையற்கதையும் இங்கேதான் ஒன்றாகின்றன. பேரரசரின் கொடை நல்லதே. ஆனால் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. இறுதியில் லி வென்ஷியு முதுமையடைந்த அவ்வெண்குதிரை மீதேறி நடுநிலம் நோக்கித் தனியே செல்கிறாள். அங்கே அழகிய இளைஞர் பலர் இருப்பர். அவர்கள் நல்லவர்களாகவும் இருக்கலாம். பண்டைய கௌசாங் மக்களைப் போலவே அவளும் பிடிவாதக்காரி என்று மட்டும் ஆசிரியர் குறிப்பாகச் சொல்லி நிறுத்துகிறார்.

வரலாறு சொல்வது

கௌசாங் கற்பனை ஊரன்று. இன்றைய சின்சியாங்கில், கடல்மட்டத்துக்கும் தாழ்ந்த துர்பான் பள்ளத்தின் அருகே அதன் மண்மதில்கள் இன்றும் நிற்கின்றன. 2014இல் பட்டுப்பாதைச் சின்னங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ அதனைப் பட்டியலில் சேர்த்தது. கி.பி. 640இல் தாங் படை அதனை வென்றதும் உண்மை. அப்போதைய மன்னன் சூ வென்தாய் பாலைவனத்தையே தன் கோட்டையாக நம்பியவன். ஏழாயிரம் லீ தொலைவு. அதில் இரண்டாயிரம் லீ நீரும் புல்லுமற்ற மணல். குளிர்காலத்தில் உறையவைக்கும் காற்று, வேனிலில் எரிக்கும் காற்று. இதைக் கடந்து பெரும்படை எப்படி வரும் என்று அவன் கணக்கிட்டான். படை வந்துவிட்டது. செய்தி கேட்ட மன்னன் நோயுற்று இறந்தான், மகன் பணிந்தான். பருந்து வானில் பறக்கட்டும், எலி தன் வளையில் வாழட்டும், அவரவர்க்கு அவரவர் இடம் என்ற கருத்துப்பட அவன் தாங் தூதரிடம் பேசியதைச் சீன வரலாறு குறித்து வைத்துள்ளது. ஜின் யோங் கதையைக் கட்டியது இச்சொல்லின் மீதே.

இத்தகைய மன்னனும் ஒருமுறை தன் கொள்கையை மறந்தான். கி.பி. 630ஐ ஒட்டி, இந்தியா நோக்கிப் புறப்பட்ட துறவி சுவான்சாங் கௌசாங் வந்தார். நம் பாடநூல்களில் யுவான் சுவாங் என்றறியப்படும் அவரேதான். அவர்பால் கொண்ட பேரன்பினால் மன்னன் அவரைத் தன்னிடமே இருத்திக்கொள்ள விரும்பினான், மறுத்தபோது வற்புறுத்தினான். துறவி உண்ணாநோன்பு மேற்கொண்டார். சில நாளில் மன்னன் மனமிரங்கி, வழித்துணையும் பொருளும் அரசர்க்கெல்லாம் மடல்களும் கொடுத்து வழியனுப்பினான். திரும்பும்போது மூன்றாண்டு தங்குவதாகத் துறவி வாக்களித்தார். அவர் காஞ்சிபுரம் வரை வந்து திரும்பும் காலத்தையொட்டியே கௌசாங் வீழ்ந்தது. வாக்கை நிறைவேற்ற மன்னனும் இல்லை, நாடும் இல்லை.

ஆனால் ஓரிடத்தில் நாவலாசிரியர் வரலாற்றைத் தலைகீழாக்கிவிட்டார். கௌசாங்கை ஆண்ட சூ குடியினரே சீன வழியினர். தாங் படை வருவதற்கு நான்காண்டு முன், கி.பி. 636இல் தொகுக்கப்பட்ட சௌ அரசமரபின் வரலாறு, கௌசாங் மக்களிடம் கன்பூசியசின் நூலும் பிற சீன நூல்களும் முன்பே இருந்தன என்றும், பள்ளியில் அவற்றைக் கற்றனர் என்றும், ஆனால் தம் நாட்டு மொழியிலேயே அவற்றை ஓதினர் என்றும் கூறுகிறது. ஆங்கிலப் பாடநூலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் பொருள் சொல்லிக்கொள்ளும் நம் வகுப்பறைகளுக்கு இது அயலான காட்சியன்று. பேரரசர் கொடுத்தார், மக்கள் மறுத்தனர் என்பது கதைக்கு வேண்டியது. உண்மையில் நடந்ததோ மறுப்புமன்று, பணிவுமன்று. எடுத்துத் தமதாக்கிக்கொண்ட செயல். இதனைச் சுட்டுவதால் கதையின் மதிப்புக் குறைந்துவிடாது. பிடிக்காததை மறுக்கும் ஒரு மக்களினம் ஆசிரியருக்குத் தேவைப்பட்டது; மணலுக்கடியில் அவர் அதனைப் படைத்துக்கொண்டார்.

கௌசாங்கை அடுத்துள்ள அஸ்தானா இடுகாட்டுக் கல்லறைகளிலிருந்து, வறண்ட மண் காத்துக்கொடுத்த தாள்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. 1969இல் கிடைத்த ஒரு சுருள் ஐந்து மீட்டருக்கும் மேல் நீளமுடையது. கி.பி. 710இல் பூ தியான்ஷோ என்னும் பன்னிரண்டு வயது மாணவன் கன்பூசியசின் உரைநூலைத் தன் கையால் படியெடுத்தது. பிற இடங்களில் அழிந்துபோன பழைய உரையொன்று அவன் படியினால் ஓரளவு மீண்டது என்று அறிஞர் அதனைப் போற்றுகின்றனர். எழுதி முடித்தபின், சுருளின் கடைசியில் மிஞ்சிய இடத்தில் அவன் சொந்தமாகச் சில அடிகள் பாடி வைத்திருக்கிறான். நாளைக்கு விடுமுறை, ஆகவே ஆசிரியர் மாணவர்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது அதன் பொருள்.